வீட்டில் சாசேஜும் ஜெர்க்கியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரைத்த கறியில் உப்பும் கொழுப்பும் சேர்த்துப் பிசைந்து உறைக்குள் அடைத்தால் சாசேஜ். கொழுப்பை நீக்கிய கறியை மெல்லிய பட்டைகளாக வெட்டி, ஊறவைத்து, சூட்டில் உலர்த்தினால் ஜெர்க்கி. சாசேஜுக்குக் கொழுப்புதான் உயிர், ஜெர்க்கிக்கு அதுவே எமன். கீழே உள்ள அளவுகள் எல்லாம் 1 கிலோ கறிக்கு. வெப்பம் முழுக்க செல்சியஸில்.

தொடங்குவதற்கு என்னென்ன கருவிகள் வேண்டும்?

முதலில் இரண்டு தராசு. கறி நிறுக்க 5 கிலோ வரை காட்டும் சாதாரண சமையலறைத் தராசு போதும். உப்பும் மசாலாவும் நிறுக்க 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு தனியாக வேண்டும். 1 கிராம் படியில் காட்டும் தராசில் 2.5 கிராம் நிறுக்கப் போனால் அது 2 என்றும் சொல்லும், 3 என்றும் சொல்லும். அடுத்து, கறிக்குள் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். ஐஸ் நிறைந்த தண்ணீரில் வைத்தால் அது 0 காட்ட வேண்டும். 2 டிகிரி தள்ளிக் காட்டினால் அதைக் கழித்துப் படியுங்கள்.

கறி அரைக்கும் இயந்திரம் கையால் சுற்றுவதாக இருந்தாலும் போதும். ஆனால் அதன் முனையில் குழாய் மாட்டி உறையில் அடைக்கலாம் என்று நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். திருகு மறுபடியும் கறியை நசுக்கிச் சூடாக்கும், காற்றையும் சேர்த்துத் தள்ளும். 2 அல்லது 3 லிட்டர் கொள்ளும் தனி ஸ்டஃபர், அதாவது உறையில் கறி அடைக்கும் கருவி, வாங்கினால் பாதித் தொல்லை குறையும்.

மிக்ஸியில் அரைக்கலாமா?

வேண்டாம். மிக்ஸியின் கத்தி கறியை வெட்டுவதைவிடச் சூடாக்கிக் குழைப்பதுதான் அதிகம். அரைக்கும் இயந்திரம் இல்லையென்றால், பாதி உறைந்த கறியைக் கூரான கத்தியால் பொடிப்பொடியாகக் கொத்துங்கள். கை வலிக்கும், ஆனால் சாசேஜ் நன்றாக வரும்.

எந்தக் கறி? எவ்வளவு கொழுப்பு?

மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். பன்றியின் தோள்பட்டைக் கறியில் ஏறக்குறைய இந்த விகிதம் இயல்பாகவே அமைந்திருக்கும், அதனால்தான் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதைச் சொல்வார்கள். 15 சதவீதத்துக்குக் கீழே போனால் வெந்த சாசேஜ் மரத்தூள் மாதிரி வறண்டுவிடும். "ஆரோக்கியத்துக்காக" கொழுப்பைக் குறைத்துவிட்டு, பிறகு செய்முறையைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

பன்றி வேண்டாம் என்பவர்கள் கோழித் தொடையைத் தோலோடு அரைக்கலாம். கொழுப்பை அந்தத் தோலே தந்துவிடும். ஆட்டுக் கொழுப்புக்கு வாடை தூக்கலாக இருக்கும், ஆறினால் மெழுகு மாதிரி நாக்கில் ஒட்டும். அதை 15 முதல் 20 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு சூடாகவே சாப்பிட வேண்டும். எந்தக் கறியானாலும் வெள்ளைச் சவ்வையும் நரம்பையும் முதலிலேயே சீவி எடுங்கள். அவை அரைபடாமல் கத்தியைச் சுற்றிக்கொள்ளும்.

உப்பை ஏன் ஸ்பூனில் அளக்கக் கூடாது?

தூள் உப்பு ஒரு ஸ்பூன் 6 கிராம் நிற்கும், கல்லுப்பு அந்த அளவு வராது. சாசேஜில் உப்பின் வேலை ருசி மட்டுமல்ல. கறியில் உள்ள மயோசின் என்ற புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவருவதும் அதுதான். அந்தப் புரதம்தான் கறியையும் கொழுப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும் பசை. 1.5 சதவீதத்துக்குக் கீழே பசை சரியாக வராது, 2 சதவீதத்துக்கு மேலே கரிக்கும். எனவே கிலோவுக்கு 16 முதல் 18 கிராம்.

முதல் முறை செய்ய ஓர் எளிய கலவை: கொழுப்போடு சேர்த்துக் கறி 1 கிலோ, உப்பு 17 கிராம், மிளகுத்தூள் 3 கிராம், நசுக்கிய பூண்டு 5 கிராம், சர்க்கரை 3 கிராம், ஐஸ் தண்ணீர் 60 மில்லி. இதை ஒருமுறை சரியாகச் செய்துவிட்டு மசாலாவோடு விளையாடுங்கள்.

சாசேஜ் வெந்ததும் உதிர்கிறது, கொழுப்பெல்லாம் சட்டியில் வழிந்துவிடுகிறது. ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பத்தில் ஒன்பது தடவை காரணம் கறி சூடானது.

இயந்திரத்தின் சல்லடைத் தட்டிலிருந்து கறி விழுவதைக் கவனித்துப் பாருங்கள். சரியான குளிர்ச்சியில் இருந்தால் சிவப்புக் கறியும் வெள்ளைக் கொழுப்பும் தனித்தனித் துணுக்குகளாகத் தெரியும். இழைகள் புழுப்புழுவாக நின்று, தட்டில் விழுந்த பிறகும் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கும். சூடான கறி இளஞ்சிவப்பாக, பசை மாதிரி நெளிந்து வரும். வெள்ளைத் துணுக்கே கண்ணில் படாது, சல்லடையைத் தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். கொழுப்பு இளகிக் கறித்துணுக்குகளின் மேல் பூசிக்கொண்டது என்று பொருள். அப்படிப் பூசிய துணுக்குகளுக்கு இடையே புரதப் பசை பிடிக்காது. அடுப்பில் வைத்ததும் கொழுப்பு உருகி ஓட, மிச்சம் மணல் மாதிரி உதிரும். அந்தக் கறியை மறுபடி குளிரவைத்தாலும் பூச்சு போகாது. ஏமாற்றம்தான், ஆனால் வீணில்லை. உதிர்த்து வதக்கும் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தடுக்கும் வழி இது. கறியை 2 அல்லது 3 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, தட்டில் பரப்பி, 30 முதல் 45 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். ஓரம் விறைத்திருக்க வேண்டும், நடுவில் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். தெர்மாமீட்டரில் 0 டிகிரியை ஒட்டி இருக்கும். இயந்திரத்தின் திருகு, கத்தி, சல்லடை எல்லாவற்றையும் கூடவே ஃப்ரீசரில் போடுங்கள். அரைத்த கறி விழும் பாத்திரம் ஐஸ் மேல் இருக்கட்டும். அரைத்து முடித்ததும் 4 டிகிரிக்குள், பிசைந்து முடித்ததும் 10 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. தாண்டுகிறது என்றால் நிறுத்தி, 20 நிமிடம் மறுபடி ஃப்ரீசர்.

கறி குளிர்ந்தே இருந்தும் நசுங்கி வருகிறதா? கத்தியைப் பாருங்கள். அதன் தட்டையான பக்கம் சல்லடையை ஒட்டி இருக்க வேண்டும். திருப்பி மாட்டிவிட்டுத் தவிப்பவர்கள் நிறையப் பேர். கத்தி மழுங்கியிருந்தாலும், சவ்வு சுற்றியிருந்தாலும் இதே கதைதான்.

மிச்சமுள்ள ஒரு தடவைக்குக் காரணம் பிசைந்தது போதாமை. உப்பும் ஐஸ் தண்ணீரும் சேர்த்து 3 முதல் 5 நிமிடம் அழுத்திப் பிசைய வேண்டும். எலுமிச்சை அளவு எடுத்து உள்ளங்கையில் தட்டி, கையைக் கவிழ்த்துப் பிடியுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பதம் வந்துவிட்டது. அதற்குள் கை மரத்துப்போகும். மரத்துப்போகவில்லை என்றால் கறி சூடாகிவிட்டது.

அடைப்பதற்கு முன் ருசி பார்ப்பது எப்படி?

பச்சையாக வாயில் வைக்காதீர்கள். 30 கிராம் எடுத்து வடை மாதிரி தட்டி, எண்ணெயில் வேகவைத்துத் தின்று பாருங்கள். உப்புக் குறை என்றால் இப்போதே சேர்க்கலாம். உறைக்குள் போனபின் ஒன்றும் செய்ய முடியாது.

உறைகளில் எது நல்லது?

பன்றிக் குடல் உறை பெரும்பாலும் 32 முதல் 35 மில்லிமீட்டர் விட்டத்தில் வரும், ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 800 கிராம் கறி பிடிக்கும். ஆட்டுக் குடல் 22 முதல் 24 மில்லிமீட்டர், மீட்டருக்கு 400 கிராம். மெல்லியது, கடித்தால் நறுக்கென்று உடையும், அடைக்கும்போது எளிதில் கிழியவும் செய்யும். இரண்டும் உப்பில் புதைத்து விற்கப்படும். மேல் உப்பைக் கழுவி, வெதுவெதுப்பான தண்ணீரில் 30 முதல் 60 நிமிடம் ஊறவைத்து, ஒரு முனையைக் குழாயில் பொருத்தி உள்ளே தண்ணீர் ஓடவிடுங்கள். உட்புற உப்பு போவதோடு, ஓட்டை எங்கே என்பதும் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரில் தெரிந்துவிடும். மிச்சமான உறையில் மறுபடி உப்பைக் கொட்டி மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

கொலாஜன் உறை மாட்டுத் தோலிலிருந்து செய்யப்படுவது, சில நேரம் பன்றியிலிருந்தும். மத காரணத்துக்காகப் பார்ப்பவர்கள் பொட்டலத்தைப் படிக்க வேண்டும். இதை ஊறவைக்கக் கூடாது, காய்ந்தபடியே குழாயில் ஏற்றலாம். ஆனால் முறுக்கினால் முறுக்கு நிற்காது, நூலால்தான் கட்ட வேண்டும்.

அடைக்கும்போது கிழிகிறது, காற்றுக்குமிழ் வருகிறது.

குழாயில் தண்ணீர் தடவி, உறை முழுவதையும் மடிப்பு மடிப்பாக ஏற்றுங்கள். முனையை உடனே முடியாதீர்கள். கறி குழாய் வாய்க்கு வந்து காற்று வெளியேறிய பிறகே முடி போட வேண்டும். ஒரு கை பிடியைச் சுற்ற, மற்றொரு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குழாயின் வாயில் உறையை லேசாகப் பிடித்திருக்கட்டும். பிடி இறுகினால் உறை புடைக்கும், தளர்ந்தால் தொளதொளக்கும். விரலால் அமுக்கினால் குழி விழுந்து மெதுவாக மீள வேண்டும். அந்த அளவுக்கு இடம் விட்டால்தான் பிறகு முறுக்க முடியும்.

15 சென்டிமீட்டருக்கு ஒருமுறை கிள்ளி, ஒன்றை முன்பக்கமாக 4 சுற்று, அடுத்ததைப் பின்பக்கமாக 4 சுற்று. ஒரே பக்கம் சுற்றினால் முந்தையது அவிழும். குமிழ்களை மெல்லிய ஊசியால் குத்துங்கள். பிறகு மூடாமல் ஃப்ரிட்ஜில் ஓரிரவு: மேல்தோல் காய்ந்து கறியோடு ஒட்டும், உப்பும் மசாலாவும் பரவும்.

வேகவைக்கும்போது வெடிக்காமல் இருக்க?

சூடான சட்டியில் நேராகப் போட்டால் உள்ளே நீராவி பொங்கி உறையைக் கிழிக்கும். 75 முதல் 80 டிகிரித் தண்ணீரில், அதாவது ஆவி எழும் ஆனால் கொதிக்காத தண்ணீரில், நடுப்பகுதி 71 டிகிரி வரும் வரை வைத்துவிட்டு, பிறகு சட்டியில் சிவக்க வையுங்கள். கோழி என்றால் 74. முழுக்கறித் துண்டைப் போல "நடுவில் லேசாக இளஞ்சிவப்பு" இங்கே செல்லாது. அரைக்கும்போது மேற்பரப்பில் இருந்த கிருமி உள்ளே எல்லா இடத்துக்கும் போயிருக்கும்.

கியூரிங் சால்ட் (கறியைப் பதப்படுத்தும் நைட்ரைட் கலந்த உப்பு) கட்டாயமா? அது நஞ்சு என்கிறார்களே?

செய்த அன்றோ மறுநாளோ வேகவைத்துத் தின்னும் சாசேஜுக்குத் தேவையில்லை. குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் புகையூட்டுவதற்கு அவசியம் வேண்டும். உறைக்குள் ஆக்ஸிஜன் கிடையாது, ஈரம் உண்டு, வெப்பம் இதமாக இருக்கும்: கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா நச்சை உண்டாக்க இதைவிட வசதியான இடம் இல்லை. பொட்டுலிசம் என்ற நோய்ப் பெயரே சாசேஜைக் குறிக்கும் 'பொட்டுலுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். 1820களில் ஜெர்மன் மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கெர்னர் இந்த "சாசேஜ் நஞ்சை" விரிவாக எழுதிவைத்தார். அந்தப் பாக்டீரியாவை நைட்ரைட் அடக்குகிறது. கறியின் சிவப்பு நிறமும் பதப்படுத்திய கறிக்கே உரிய மணமும் அதன் உபரி வேலைகள்.

வீட்டு உபயோகத்துக்குப் பரவலாகக் கிடைப்பது 1ஆம் எண் கியூரிங் சால்ட்: 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட், மீதி சாதாரண உப்பு. அளவு கிலோவுக்கு 2.5 கிராம். கணக்குப் போட்டால் கறியில் நைட்ரைட் பத்து லட்சத்தில் 156 பங்கு வரும். அதற்கு மேல் போகாதீர்கள். தசமப் புள்ளி இடம் மாறி 25 கிராம் போட்டுவிட்டால் அந்தக் கறி குப்பைக்குத்தான், வேகவைத்தாலும் சரியாகாது. எனவே இதைக் கண்ணளவில் போடவே கூடாது. 60 மில்லி தண்ணீரில் கரைத்துச் சேர்த்தால் ஒரே இடத்தில் தங்காது.

குழப்பம் வரும் இடங்கள் மூன்று. 2ஆம் எண்ணில் நைட்ரைட்டோடு நைட்ரேட்டும் இருக்கும், அது வாரக்கணக்கில் உலர்த்தும் சாசேஜுக்கு. சில நாடுகளில் விற்கும் நைட்ரைட் உப்பில் நைட்ரைட் 0.5 சதவீதம் அளவில்தான் இருக்கும், அதன் அளவே வேறு, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடக் கூடாது. மூன்றாவது, கியூரிங் சால்ட்டுக்கு அடையாளத்துக்காக இளஞ்சிவப்புச் சாயம் போடுவார்கள். இந்துப்பும் இளஞ்சிவப்புதான், ஆனால் அது வெறும் உப்பு, நைட்ரைட் இல்லை. டப்பாவில் பெயர் எழுதி, சாப்பாட்டு உப்பு இருக்கும் அலமாரியில் வைக்காமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

புகையூட்டினால் கசக்கிறது.

ஈரமான உறையில் புகை பட்டால் கரி பிடித்தது போல் ஆகும். முதல் ஒரு மணி நேரம் 50 முதல் 55 டிகிரியில் புகையில்லாமல் காயவிட்டு, தொட்டால் ஒட்டாத பதம் வந்தபின் 60 முதல் 65 டிகிரியில் புகை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக 75 வரை ஏற்றி, உள்ளே 71 வந்ததும் எடுத்து ஐஸ் தண்ணீரில் போடுங்கள். அப்போதுதான் தோல் சுருங்காது. அவசரப்பட்டு 85, 90 என்று ஏற்றினால் கொழுப்பு உருகி உறைக்கடியில் குளம் கட்டும்.

இஞ்சி சேர்த்து ஃப்ரிட்ஜில் வைத்தேன், மறுநாள் கூழாகிவிட்டது.

பச்சை இஞ்சி, பப்பாளி, அன்னாசி மூன்றிலும் புரதத்தை அறுக்கும் நொதிகள் உண்டு. இஞ்சிச் சுவை வேண்டுமென்றால் சுக்குப்பொடி, இல்லையேல் கொதிக்கவைத்த இஞ்சி.

ஜெர்க்கிக்குக் கறியை எப்படி வெட்டுவது?

மாட்டின் பின்தொடைச் சதை மாதிரி கொழுப்பு ஓடாத பகுதி. கண்ணுக்குத் தெரியும் கொழுப்பை எல்லாம் சீவிவிடுங்கள். அது காயாது, சில வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். கறியை ஒன்றரை மணி நேரம் ஃப்ரீசரில் விறைக்கவைத்து, 4 முதல் 6 மில்லிமீட்டர் தடிமனில் வெட்டுங்கள். நாருக்குக் குறுக்கே வெட்டினால் எளிதில் கடிபடும், நார் ஓடும் திசையில் வெட்டினால் தாடைக்கு நல்ல வேலை. தடிமன் ஒரே சீராக இருப்பதுதான் முக்கியம். இல்லையென்றால் ஒன்று குச்சியாகும்போது மற்றொன்று ஈரமாகவே இருக்கும்.

ஊறவைக்க என்ன அளவு?

சோயா சாஸ் 80 மில்லி, உப்பு 6 கிராம், சர்க்கரை 20 கிராம், மிளகுத்தூள் 4 கிராம், பூண்டுப்பொடி 3 கிராம். சோயா சாஸில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 15 கிராம் உப்பு இருப்பதால் மொத்த உப்பு 2 சதவீதத்துக்குள் நிற்கும். கியூரிங் சால்ட் 2.5 கிராம் சேர்த்தால் உப்பில் அதே அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். பையில் போட்டு ஃப்ரிட்ஜில் 8 முதல் 24 மணி நேரம், நடுவில் இரண்டு தடவை புரட்டுங்கள்.

டிஹைட்ரேட்டரில் (சூடான காற்றில் உலர்த்தும் இயந்திரம்) 70 டிகிரி வைத்தால் போதாதா? தனியாகச் சூடாக்கச் சொல்வது ஏன்?

இயந்திரம் காட்டுவது காற்றின் வெப்பம். ஈரக்கறியிலிருந்து நீர் ஆவியாகும்போது கறி குளிர்கிறது, வியர்த்த உடம்பில் காற்று பட்டால் சில்லென்று இருப்பது போல. காற்று 70 டிகிரியில் சுற்றும்போதும் கறி வெகுநேரம் அதற்குக் கீழேயே இருக்கும். கறி சூடேறுவதற்குள் பாதி உலர்ந்திருக்கும், உலர்ந்த நிலையில் சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் சூட்டை அதிகம் தாங்கும். அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் 1995இல் வீட்டில் செய்த மான்கறி ஜெர்க்கியால் ஈ.கோலை தொற்று பரவியது ஆவணமாகியிருக்கிறது.

ஆகவே உலர்த்தும் முன் கறி 71 டிகிரியைத் தொட வேண்டும், கோழி 74. ஊறிய சாற்றைக் கொதிக்கவைத்து, பட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மறுபடி கொதி வந்ததும் தெர்மாமீட்டரில் பார்த்து எடுங்கள். பிறகு 60 முதல் 65 டிகிரியில் உலர்த்தலாம். நிறம் கொஞ்சம் மங்கும், ஆனால் சீக்கிரம் காயும். மற்றொரு வழி, 63 முதல் 68 டிகிரியில் உலர்த்தி முடித்த பட்டைகளை 135 டிகிரி அவன் அடுப்பில் 10 நிமிடம் வைப்பது. பட்டை 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கடிபதம் இதில்தான் நன்றாக இருக்கும், பாதுகாப்பில் முதல் வழியே திடமானது. வீட்டில் சின்னக் குழந்தைகளோ கர்ப்பிணிகளோ முதியவர்களோ இருந்தால் முதல் வழியை விடாதீர்கள்.

வெயிலில் காயவைக்கலாமா?

இந்த முறைக்கு வேண்டாம். வெயிலின் சூடு 71ஐ எட்டாது, இரவில் ஈரம் ஏறும், ஈ மொய்க்கும். டிஹைட்ரேட்டர் இல்லாதவர்களுக்கு அவன் அடுப்பு இருக்கிறது: குறைந்தபட்ச வெப்பம், கம்பித்தட்டு, கதவிடுக்கில் மரக்கரண்டி ஒன்று. ஈரம் வெளியேறத்தான் அந்த இடுக்கு.

காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

4 முதல் 8 மணி நேரம் ஆகலாம், கடிகாரத்தை நம்ப வேண்டாம். ஒரு பட்டையை எடுத்து 5 நிமிடம் ஆறவிட்டு வளையுங்கள்; சூடாக இருக்கும்போது எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும். மேலே கீறல் விழுந்து உள்ளே வெள்ளை நார் தெரிய வேண்டும், ஆனால் இரண்டாக ஒடியக் கூடாது. இதைவிட நம்பகமானது எடை. 1 கிலோ கறி 350 முதல் 400 கிராம் வரை இறங்க வேண்டும்.

வெளியே கடினமாகவும் உள்ளே ஈரமாகவும் இருந்தால், தொடக்கத்திலேயே சூடு அதிகமாகி மேல்புறம் ஓடு கட்டிவிட்டது. பைக்குள் மூடி ஓரிரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈரம் சமமாகும். பிறகு குறைந்த சூட்டில் தொடரலாம்.

அரைத்த கறியில் ஜெர்க்கி செய்யலாமா?

செய்யலாம், பல்லுக்கு எளிது. ஆனால் கிருமி உள்ளே கலந்திருக்கும் என்பதால் 71 டிகிரி விதியில் துளியும் சலுகை கிடையாது. கியூரிங் சால்ட்டும் சேர்ப்பது நல்லது.

எத்தனை நாள் இருக்கும்?

பச்சை சாசேஜ் ஃப்ரிட்ஜில் 2 நாள், ஃப்ரீசரில் 2 மாதம். வெந்தது ஃப்ரிட்ஜில் 3 முதல் 4 நாள். நன்கு காய்ந்த ஜெர்க்கி காற்றுப்புகாத டப்பாவில் வெளியே 1 முதல் 2 மாதம், ஃப்ரீசரில் இன்னும் அதிகம். டப்பாவில் போட்ட மறுநாள் உட்புறம் வியர்த்திருந்தால் காய்ந்தது போதவில்லை, மறுபடி உலர்த்துங்கள்.

ஜெர்க்கி மேல் வெள்ளையாக இருக்கிறது. பூஞ்சையா?

ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். கரைந்து மறைந்து, நக்கினால் கரிக்கும் என்று தோன்றும் பொடியாக இருந்தால் உப்பு. உலரும்போது மேலே வந்து படிந்தது. பஞ்சு மாதிரி எழும்பி, பச்சையோ சாம்பலோ கலந்து, மக்கிய வாடை அடித்தால் பூஞ்சை. அந்த ஒரு பட்டையை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைத் தின்னலாமா என்று உடனே அடுத்த கேள்வி வரும். கூடாது, டப்பாவோடு கொட்டிவிடுங்கள்.